அது கொழும்புத் துறைமுகம் என்று சொன்னேன்

ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் படத்துக்கு ஆள் கூப்பிடுகிற தம்பிகள் இரண்டு பேரும், வானொலியில் பேசுகிற தம்பி ஒருவரும் போன மாதம் என்னைத் தேடி வந்தீர்கள். "உங்கள் காலத்தில் படம் பேசாதாமே, நீங்கள்தான் பேசுவீர்களாமே, அந்த அனுபவத்தை எழுதித் தாருங்கள்" என்றீர்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டவன் நான். எழுத்துப் பிழை வருமோ, யாராவது சிரிப்பார்களோ, எழுதக் கூடாததை எழுதிவிடுவேனோ என்று பத்து நாள் காகிதத்தைத் தொடவே இல்லை. கடைசியில் யோசித்துப் பார்த்ததில், உங்களுக்குச் சொல்லும்படியாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அது நான் பெருமைப்படுகிற விஷயம் இல்லை. இருந்தாலும், வாயை வைத்துப் பிழைக்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது.

முதல் உலகச் சண்டை வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. தாமிரபரணிக் கரையில் அறுவடை முடிந்த வயல் எங்கே காய்ந்து கிடக்கிறதோ அங்கே எங்கள் கூடாரம் நிற்கும். பதினைந்து நாள், கூட்டம் இருந்தால் ஒரு மாதம். அப்போது ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் நாடகக் கொட்டகை, இல்லாவிட்டால் எங்கள் சலனப்படம். நாடகத்துக்குப் போனால் விடியும். எங்களிடம் வந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பலாம். அதனால் பெண்கள் எங்களிடம்தான் அதிகம் வருவார்கள். நடுவில் கயிறு கட்டி ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். மடியில் அவித்த கடலையோடு வந்து மணலில் உட்கார்ந்துவிட்டால், படத்தில் ஓடுகிற ரயிலோடும் குதிரையோடும் பேசுவார்கள். "ஏலே, பின்னால வாரான் பாரு, ஓடுலே!" என்று திரையைப் பார்த்துக் கத்துவார்கள். ஒரே படத்தை நாலு நாள் சேர்ந்தாற்போல் பார்த்தவர்கள் உண்டு. நாலாம் நாளும் அதே இடத்தில் கத்துவார்கள்.

நான் திரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியின்மேல் பிரம்போடு நிற்பேன். படம் ஓட ஓட, இவன் யார், இவள் யார், இது எந்த ஊர், இப்போது என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். முதலில் நான் கூடாரத்தில் கயிறு கட்டுகிறவனாகத்தான் சேர்ந்தேன். முன்னால் படம் சொன்னவர் ஒரு நாடகக் கம்பெனியோடு போய்விட்டார். முதலாளி என் குரலைக் கேட்டு ஏற்றிவிட்டார். பெட்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் கூடாரத்தைச் சுற்றி வந்து முளைகளை உதைத்துப் பார்ப்பேன். படம் காட்டுகிற மிஷின் பக்கத்தில் மணல் வாளி இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்ப்பேன். அப்புறமும் தீப்பிடித்துவிடும் என்று பயந்துகொண்டேதான் பேசுவேன்.

இதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. படத்துக்கு நடுவில் இங்கிலீஷ் எழுத்து வரும். எனக்கு அது தெரியாது. அது தெரியாது என்பது முதலாளிக்கும் மிஷின் சுற்றுகிறவருக்கும் மட்டும்தான் தெரியும். எழுத்து வரும்போது தொண்டையைச் செருமுவேன், எழுத்து போனதும் எனக்குத் தோன்றியதைச் சொல்வேன்.

கிராமங்களில் இது செல்லும். பாளையங்கோட்டையில் செல்லாது. அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஒரு தரம், கறுப்பு வண்டி, இறகு சூட்டிய குதிரைகள், தொப்பி வைத்த துரைமார் பின்னால் நடந்து வருகிறார்கள். நான் குரலை ஏற்றி, "பாருங்கள், சீமையிலே ஒரு கல்யாண ஊர்வலம்! மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார்!" என்றேன்.

"அண்ணாச்சி! உள்ள இருக்கது மாப்பிள்ளை இல்ல, பொணம்! எழுத்துல போட்டிருக்குல்லா!" என்று ஒருவன் கத்தினான்.

கூடாரம் முழுக்கச் சிரித்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் வாய் நிற்கவில்லை. "மாப்பிள்ளையோட தாத்தாதாம் தம்பி செத்தது. தாத்தாவ எடுத்தாத்தான கல்யாணம் நடக்கும்? பொறுமையா பாரும்" என்றேன். அதற்குக் கைதட்டல். முதலாளி அன்றைக்கு என் தோளில் தட்டினார். "இதாம்வே வேணும். நீரு மட்டும் முழிச்சிராதீரு. சொல்லுதவன் முழிச்சா பாக்கவன் எந்திச்சிருவான்" என்றார்.

தப்பாகச் சொன்னேன், ஒருவன் திருத்தினான். அன்றைக்கு நான் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. நான் கற்றுக்கொண்டது, தெரியாததை இன்னும் பலமாகச் சொல்ல வேண்டும் என்பது.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு சிறிய படச்சுருள் வந்தது. நாலு நிமிஷம் ஓடும். ஒரு துறைமுகம். கப்பலிலிருந்து பலகை வழியாக ஆட்கள் மூட்டை சுமந்து இறங்குகிறார்கள். தலையில் துண்டு, இடுப்பில் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி போல ஒன்று. தூரத்தில் ஒரு கோபுரம். கடைசியில் ஒருவன் மூட்டையோடு நேராக நம்மைப் பார்த்து வந்து, சிரித்துவிட்டு விலகிப் போவான். அவ்வளவுதான். பழைய சுருள், படம் முழுக்க மழை பெய்வது மாதிரிக் கோடு. ஆரம்பத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி.

திசையன்விளையில் கூடாரம் போட்டபோது அதை முதலில் ஓட்டினோம். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் கொழும்பில் கடையிலோ சரக்குக் கிட்டங்கியிலோ இருப்பார்கள். "இதோ கொழும்புத் துறைமுகம்!" என்று நான் சொன்னதும் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. "திருப்பிப் போடும்வே!" என்று மூன்று தரம் போட வைத்தார்கள். அதற்கப்புறம் எந்த ஊரில் யார் எங்கே பிழைக்கப் போயிருக்கிறார்கள் என்று பகலிலேயே காப்பிக் கடைப் பக்கம் விசாரித்துக்கொள்வேன். ரங்கூனுக்குப் போனவர்கள் அதிகம் இருந்தால் அது ரங்கூன். மற்ற ஊரில் அது கொழும்பு. இதில் எனக்கு மனசாட்சி உறுத்தவே இல்லை. ஜனங்களுக்குச் சந்தோஷம், யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அடுத்தது சேரன்மகாதேவி. ஆற்றுக்குப் பக்கத்தில் கூடாரம். இரண்டாவது நாள் அந்தச் சுருள் ஓடி, கடைசி ஆள் சிரித்துக்கொண்டு வந்த நேரத்தில், பெண்கள் பக்கத்தில் ஒரு குரல்.

"எய்யா! எய்யா முத்தையா!"

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள் மணலில் எழுந்து நிற்கிறாள். திரையை நோக்கி இரண்டு கையையும் நீட்டுகிறாள். "எம் புள்ள! எம் புள்ளல்லா அது! ஏளா பேச்சி, பாருளா, ஒம் புருசன்!" பக்கத்தில் ஒரு பெண் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்க்கிறாள். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. முதலாளி ஓடிவந்து, "திருப்பிப் போடும்! திருப்பிப் போடும்!" என்று மிஷின்காரரிடம் கத்துகிறார். மறுபடி ஓடியது. மறுபடி அந்த அம்மாள் அழுதாள். "அண்ணாச்சி, இது எந்த ஊரு?" என்று ஆண்கள் பக்கமிருந்து யாரோ கேட்டார்கள். "கொழும்பு!" என்றேன். எல்லா ஊரிலும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நான் கூடாரத்துக்குப் பின்னால் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் ஆட்கள் பேசுகிற சத்தம். அக்கரையில் உள்ள ஒரு சின்ன ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று கயிறு கட்டுகிறவன் வந்து சொன்னான். அந்த அம்மாள், அவள் மருமகள் பேச்சி, பேச்சியின் அண்ணன், ஊர்ப்பெரியவர் ஒருவர். விவரத்தையும் அவன்தான் சொன்னான். முத்தையா ஆறு வருஷத்துக்கு முன்னால் கொழும்புப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவன். முதல் வருஷம் இரண்டு கடிதம். அப்புறம் ஒன்றும் இல்லை. அவன் இருந்த தோட்டத்தில் காலராவில் நிறையப் பேர் போய்விட்டார்கள் என்று திரும்பி வந்த ஒருவன் சொல்லியிருக்கிறான். அவர்கள் சமூகத்தில், புருஷன் போய் வருஷக்கணக்கில் தகவல் இல்லையென்றால் ஊர் கூடிப் பேசித் தாலியைத் தீர்த்துவிட்டு, பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கிற வழக்கம் உண்டு. பேச்சிக்கு அண்ணன் வீரவநல்லூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவைத்திருந்தான். அடுத்த வாரம் ஊர் கூடுவதாக இருந்தது. அதற்குள் முந்தின நாள் அந்த அம்மாள் படத்தில் மகனைப் பார்த்துவிட்டாள்.

அப்படியே ஆற்றுப் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் பேச்சி குடிக்கத் தண்ணீர் கேட்டு என் பக்கம் வந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். நான் செம்பை நீட்டினேன். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, அது அவுக இல்ல."

"எது தாயி?"

"படத்துல சிரிக்கது. அவுக வலது தோள்ல பாரம் ஏத்த மாட்டாக. தென்னையிலருந்து விழுந்து எலும்பு முறிஞ்சு கூடின தோளு. ஒரு குடம் தண்ணிகூட வலது பக்கம் தூக்குனதில்ல. படத்துல இருக்கது ரெண்டு மூட்டைய வலது தோள்ல வச்சுக்கிட்டு சிரிக்குது."

"இத உங்க அத்தைகிட்ட சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா என்ன சொல்லுவாக? வேற கலியாணத்துக்கு அவசரப்படுதா, அதான் புருசனயே புருசன் இல்லங்கான்னு சொல்லுவாக. ஊரு முன்னால நான் வாயத் தொறக்க முடியாது." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொல்லணும் அண்ணாச்சி. அது அவுக இல்லன்னு சொல்ல வேண்டாம். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அது எந்த ஊருன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. அம்புட்டுப் போதும்."

அவள் கேட்டது ஒரு பொய் இல்லை, ஓர் உதவிகூட இல்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனா, ஆட்டாமல் நின்றேனா என்பது இப்போது எனக்கு நிச்சயம் இல்லை. அவள் ஆட்டியதாகத்தான் எடுத்துக்கொண்டாள். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். ஊர்ப்பெரியவர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் தரையில். அண்ணன்காரன் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். முந்தின நாள் நடந்ததைக் கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர்.

"எங்க ஆளுகிட்டயே கேளுங்க. நெனச்சதச் சொல்லுத ஆளு இல்ல இவரு. எல்லாம் படிச்சுப் பாத்துத்தான் சொல்லுவாரு" என்றார் முதலாளி.

ஊர்ப்பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க வாரும் தம்பி. இது ஒரு பொம்பளப் பிள்ளையோட வாழ்க்கை. பைய யோசிச்சுச் சொல்லும். ஒண்ணும் அவசரம் இல்ல. அது கொழும்புதானா?"

அவர் அவகாசம் கொடுத்தார். அதைத்தான் இப்போதும் நினைக்கிறேன். யாரும் என்னை நெருக்கவில்லை. ஆனால் என் மூளையில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. தெரியாது என்று சொன்னால் இந்த முப்பது பேரும், "அப்போ நேத்து எதுக்குவே கொழும்புன்னீரு?" என்று கேட்பார்கள். திசையன்விளை வரைக்கும் பேச்சுப் போகும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது வெளியே வரும். முதலாளி அன்றைக்கே அனுப்பிவிடுவார். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். கல் விழலாம், கூடாரத்தைக் கிழிக்கலாம். பேச்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் மட்டும் வாயைத் திறந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழும்புதான் ஐயா" என்றேன்.

அவர் பேசாமல் இருந்தார். இன்னும் ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி இருந்தது. அவர் அப்படிச் சும்மா இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. யாரும் கேட்காமலேயே, "போன பங்குனியில எடுத்தது" என்று சேர்த்துவிட்டேன்.

"பங்குனியிலயா?"

"பங்குனியிலதான்."

"அப்பச் சரி" என்று எழுந்துவிட்டார்.

அந்த அம்மாள் என் காலில் விழ வந்தாள். "எய்யா, நீ நல்லா இருக்கணும்யா. உயிரோட இருக்கான்னு சொல்லிட்டியே." அண்ணன்காரன் துண்டை உதறித் தோளில் போட்டான். "ஏளா பேச்சி, நான் வாரேன். வீரவநல்லூருக்கு ஆள் விட்டுச் சொல்லிருதேன். மச்சான் வந்தா தகவல் சொல்லு" என்று வேகமாகப் போய்விட்டான். பேச்சி அத்தையின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு ஆற்றை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்த்து என்னை முறைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பெற்றவளின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜம் இல்லை, தம்பிகளே. பயந்துதான் சொன்னேன். பயந்தவன் சும்மா பொய் சொல்ல மாட்டான், நாள், நட்சத்திரத்தோடு சொல்வான். நீங்கள் பேசுகிறபோது கேட்காத விவரம் ஒன்று உங்கள் வாயிலிருந்து தானாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு ஆறு நாள் அங்கே படம் ஓடியது. ஆறு நாளும் அந்த அம்மாள் வந்தாள். முதலாளி டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் சொல்ல மாட்டார்? பத்தமடையிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் படம் பார்க்க வரவில்லை, அவள் படம் பார்ப்பதைப் பார்க்க வந்தார்கள். துறைமுகம் வந்தால் கூட்டம் சத்தமில்லாமல் ஆகிவிடும். "எய்யா, மெலிஞ்சுட்டியேய்யா. தலைக்கு எண்ண வைக்கப்பிடாதா?" என்று அவள் கேட்பாள். சுற்றியிருக்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அடுத்து ஒரு குண்டன் நாற்காலியிலிருந்து விழுகிற படம் வரும், எல்லோரும் சிரிப்பார்கள், அந்த அம்மாளும் சிரிப்பாள். பக்கத்தில் பேச்சி உட்கார்ந்திருப்பாள். நான் ஒவ்வொரு நாளும் அவளுக்கு முன்னால் நின்று, "இதோ கொழும்புத் துறைமுகம்" என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

நாலாவது நாள் படம் முடிந்ததும் அந்த அம்மாள் எனக்கு அவலும் கருப்பட்டியும் முடிந்து கொண்டுவந்தாள். "எய்யா, இங்கன நான் பேசுதது அங்கன அவனுக்குக் கேக்குமா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கேக்காதும்மா" என்றேன். அந்த ஒரு வாரத்தில் அவளிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தோம். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் முதல் நாளே சீக்கிரம் வந்துவிட்டார். சுபாவத்தில் நல்லவர். மிஷின்காரரைக் கெஞ்சி அந்தச் சுருளின் நுனியை வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன எழுத்து சார்?" என்று அவரிடம் கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"சான்சிபார்" என்றார்.

"கொழும்புக்குப் பக்கமா சார்?"

"கொழும்பு எங்கே, இது எங்கே! இது ஆப்பிரிக்காக் கரையில் ஒரு தீவு. எதற்குக் கேட்கிறீர்?"

சும்மாதான் என்றேன். அன்றைக்கு அந்தச் சுருளைப் போட வேண்டாம் என்று மிஷின்காரரிடம் சொன்னேன். பாளையங்கோட்டையில் போட்டால் மானம் போகும் என்று நான் பயப்படுவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

திருநெல்வேலியில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சேரன்மகாதேவி. ஒரு தடவை ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வண்டி வந்தது, நின்றது, போனது. ஊர்க்காரர்கள் அடிப்பார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாள் தாங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். ஒரு கார்டு வாங்கி எழுதினேன். ஊர்ப்பெரியவர் பெயர் தெரியாது, யாருக்கு என்று போடுவது? இரண்டு வாரம் பையில் வைத்திருந்தேன். அப்புறம் அது கசங்கிவிட்டது என்று கிழித்துப் போட்டேன். வேறு கார்டு வாங்கவில்லை. இப்படி ஒவ்வொரு காரணமாக வந்து, ஒவ்வொன்றும் அந்தந்த நாளைக்கு நியாயமாகத்தான் இருந்தது.

சண்டை வந்தது. சுருள் வருவது குறைந்தது. எங்கள் முதலாளி கூடாரத்தை விற்றுவிட்டார். நான் வேறொரு கூடாரத்தில் சேர்ந்தேன். ஏழு வருஷம் கழித்து அந்தக் கூடாரம் சேரன்மகாதேவிக்கு வந்தது. வரும் வழியெல்லாம் எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம், விளக்கு ஏற்றுகிற நேரம். டிக்கெட் வாங்குகிற பெண்கள் வரிசையில் பேச்சி நின்றாள். நான் உடனே தெரிந்துகொண்டேன். அவளும் தெரிந்துகொண்டாள். வரிசையை விட்டு வந்தாள்.

"நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி? குரலு கேட்டுச்சு, நீங்கதான்னு நெனச்சேன்."

அத்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றாள். சாகும்போதும், பங்குனிக்கு வந்துருவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். வீரவநல்லூர் மாப்பிள்ளைக்கு அந்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, இப்போது இரண்டு பிள்ளைகள். அண்ணன் வருவதில்லை. இவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் காலம் தள்ளுகிறாள். எல்லாவற்றையும் நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை.

"தாயி, அது கொழும்பு இல்ல" என்றேன். ஏழு வருஷம் நெஞ்சில் கிடந்தது, அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்துவிட்டது. "சான்சிபார்னு ஒரு ஊரு. ஆப்பிரிக்காவுல. எனக்கு அப்பத் தெரியாது. அந்த வாரமே தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அன்னைக்கே தெரியும்லா" என்றாள்.

"நாளைக்கே உங்க ஊருக்கு வந்து பெரியவர்கிட்ட சொல்லிருதேன்."

"சொல்லுங்க. சொல்லாட்டாலும் சரிதான். நான் படம் பாக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி, உங்களப் பாக்க வரல. அந்த ஆறு நாள்ல எனக்குப் படம் பிடிச்சுப்போச்சு. வேற என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றாள். அன்றைக்குப் பெண்கள் பக்கம் எழுந்த ஒவ்வொரு சிரிப்பிலும் அவள் சிரிப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே பேசினேன். எங்கே என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மறுநாள் காலை ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். கடந்து போனேன். ஏழு வருஷம் நான் பயந்த தூரம் அவ்வளவுதான். ஊர்ப்பெரியவர் களத்தில் ஆள் வைத்து வைக்கோல் உலர்த்திக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்று முடித்தார்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்தாம்வே" என்றார். "முந்தின நாள் நானும் கூட்டத்துல இருந்து படம் பாத்தேன். கொழும்புல ரெண்டு வருசம் கெடந்தவன் நான். அந்தத் துறையில அப்படி ஒரு கோபுரத்தக் கண்டதே இல்ல."

"அப்போ ஏன் ஐயா அன்னைக்கு ஒண்ணும் சொல்லல?"

"அப்பவே நான் ஊருக்குத் திரும்பி பத்து வருசமாச்சு. புதுசா கட்டியிருப்பானோன்னு நெனச்சேன். அதாம்வே பைய யோசிச்சுச் சொல்லும்னு உம்மகிட்டக் கேட்டேன். நீரு தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மேல பேசியிருப்பேன். நீரு பங்குனின்னீரு. மாசத்தோட சொல்லுதவங்கிட்ட நான் என்னத்தப் பேச?"

"இப்பவாவது ஊரக் கூட்டிச் சொல்லலாமா ஐயா? நானே வந்து சொல்லுதேன்" என்றேன்.

"இப்ப என்னத்துக்கு? அவ இருக்கத்தான செய்யுதா. யாரு வந்து கட்டப் போறா? ஒருத்திக்காவ ஊரக் கூட்டவா முடியும்? போயிட்டு வாரும்" என்று வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பேச்சி ஆற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீரில் இறங்கிய சத்தத்தில் நிமிர்ந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன் தாயி."

"என்ன சொன்னாக?"

பெரியவர் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையில் பிழியாத சேலை. அவள் காத்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அந்தப் பெரியவர் காத்தது போலவே, நெருக்காமல்.

"யோசிச்சு, ஊரக் கூட்டுதேன்னு சொன்னாரு" என்றேன்.

அவள் சேலையை முறுக்கிப் பிழிந்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை பிழிந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்த மாசம்னு சொன்னாகளா அண்ணாச்சி?"